வீட்டு எண் நாற்பத்தேழு

பன்னிரண்டு படிவம் குறைந்தது. அந்தப் பன்னிரண்டுக்காக இந்திரா செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

எண்பத்து நான்காம் வருஷம். மக்களிடம் கேள்வி கேட்டுக் கணக்கெடுக்கும் ஆய்வு முறையில் முதுகலை படித்தாள். பூச்சோங்கில் குலுக்கிப் போட்டு எடுத்த முந்நூறு வீடுகள், குழாய்த் தண்ணீர் பற்றிக் கேள்விகள். இருநூற்று நாற்பது படிவமாவது நிரம்ப வேண்டும். பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும். பிறகு பேராசிரியர் ஜெயராஜ் பத்தில் ஒரு வீட்டுக்குத் தாமே போய்ச் சரிபார்ப்பார். தேறினால்தான் பட்டம். பட்டம் கிடைத்தால் ஜூனில் அதே துறையில் விரிவுரையாளர் வேலை.

பாதி வீடுகளுக்கு அலைந்தவள் சீதாலெட்சுமி. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க ஜெயராஜிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருவதாக இந்திரா சொல்லியிருந்தாள். அதை நம்பி அந்தப் பெண் மினிபஸ் ஏறி, வெயிலில் வெந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அத்தனை சுத்தம்.

அவள் ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரர் பேரை மட்டும் போட்டுத் திருப்பித் தந்த பன்னிரண்டு படிவங்களை இந்திரா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தானே நிரப்பினாள். கீழே சீதாவின் கையெழுத்தையும் போட்டாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

ஒரு நாள் ஜெயராஜ் ஃபோன் செய்தார். "நாற்பத்தேழாம் நம்பர் வீட்ல பவுனம்மாள் தண்ணி நல்லா வருதுன்னு சொன்னதா எழுதியிருக்கு. அந்தம்மா செத்து ரெண்டு மாசம் ஆச்சு, பேட்டிக்கு முன்னாலேயே. நாளைக்கு அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா."

அன்று சாயங்காலமே இந்திரா குவார்ட்டர்ஸுக்குப் போனாள். "சீதா, உன் நோட்டக் கொஞ்சம் கொடு. பாத்துட்டு நாளைக்குத் தரேன்."

"எடுத்துக்கோங்கக்கா. கடுதாசிக்காகவா?"

"ஆமாலா."

பஸ்ஸில் பிரித்துப் பார்த்தாள். முத்து முத்தான எழுத்து. 'நம்பர் 47. பவுனம்மாள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் தவறிட்டாங்க. மகன் சொன்னார்.'

மறுநாள் சீதா புதுச் சேலையில் வந்திருந்தாள், பாவம், கடிதம் வாங்க. ஜெயராஜ் படிவத்தை மேசையில் போட்டார். சீதா பார்த்தாள்.

"இது நான் எழுதலிங்க சார். அந்தம்மா இல்லன்னு நோட்ல எழுதியிருக்கேன்." நம்பிக்கையோடு திரும்பினாள். "அக்கா, நேத்து வாங்கிட்டுப் போனீங்களே, அதக் கொடுங்கக்கா. சார் பாக்கட்டும்."

நோட்டு இந்திராவின் மடியில், கைப்பைக்குள் இருந்தது. இந்திரா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த நோட்டு, சீதா?"

சீதா அழக்கூட இல்லை. ஜெயராஜ் அவள் பெயரைத் துறையின் பதிவேட்டில் எழுதி, இந்தப் பெண்ணை எதற்கும் சேர்க்க வேண்டாம் என்று கையெழுத்திட்டார். அவள் நிரப்பிய நூற்றுப் பத்துப் படிவங்களும் குப்பைக்குப் போயின.

அந்த வீடுகளுக்கு மறுபடி நடந்தவள் இந்திராதான். "முன்ன ஒரு பொண்ணு வந்துச்சே, தங்கமான பொண்ணு, எங்க அது?" என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பட்டம் வாங்கினாள். வேலையும் கிடைத்தது.

பத்து வருஷமாக அதே பாடத்தை நடத்துகிறாள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில், செத்தவளைப் பேட்டி கண்ட சீதாலெட்சுமியின் கதையைப் பேர் சொல்லிச் சொல்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த வருஷம் ஒரு மாணவி மட்டும் கை தூக்கினாள்.

"எந்த வீட்டுக்கு எப்பப் போனாங்கன்னு அவங்க நோட்டு வெச்சிருக்கலியா மேடம்?"

இந்திரா கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"ஏமாத்துறவளுக்கு நோட்டு எதுக்குலா?"