ஆறாவது வரிசை

நாற்பத்தாறு என்ற எண்ணைக் கேட்டதும் தலைமை மருத்துவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லீரலைத் தாக்கும் பி கிருமியும் சி கிருமியும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தார் அவர். பி இருந்தவர்கள் முந்நூற்று இருபத்தெட்டுப் பேர். அவர்களில் நாற்பத்தாறு பேருக்கு சியும் இருந்தது. நூற்றுக்குப் பதினான்கு. யாரும் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அன்று மாலை நாலு மணிக் கூட்டத்தில் அறிவிப்பு. நாற்பத்தாறு வீட்டுக்கும் கடிதம்கூட அச்சாகிவிட்டது.

ரத்தத்தைச் சோதித்த லேப் டெக்னீஷியன் மட்டும் அந்த மகிழ்ச்சியில் சேரவில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்த நர்ஸ் அவளுடைய அண்ணன் மனைவி. எண் இவ்வளவு ஏறியதும், ஒரே ஊசியால் நர்ஸ் பலருக்கு ரத்தம் எடுத்து, ஒருவர் ரத்தம் மற்றவருடையதில் கலந்துவிட்டதோ என்று மேலிடத்தில் ஒருவர் கிளப்பிவிட்டார். காலையிலேயே எழுத்தில் விளக்கம் கேட்டு அண்ணிக்குத் தாள் வந்துவிட்டது. இருபது வருஷ வேலையில் ஒரு சொல் கேட்காத அண்ணி, காப்பியைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள்.

பத்து மணிக்கு டெக்னீஷியன் நாற்பத்தாறு முடிவுகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, எந்த ரத்தம் சோதனைத் தட்டில் எந்தக் குழியில் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தாள். ஒரு தட்டில் எட்டு வரிசைக் குழிகள். ஆறாவது வரிசை. மறுபடி ஆறாவது. அடுத்ததும் ஆறாவது. நாற்பத்தாறில் நாற்பத்தொன்று ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. தெருத் தெருவாக வெவ்வேறு வீடுகளில் எடுத்த ரத்தம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து கூடுமா?

தட்டுகளைக் கழுவும் மெஷினுக்கு எட்டுக் குழாய், வரிசைக்கு ஒன்று. வெறுந்தட்டில் நீல மையைக் கலந்து நிரப்பி உள்ளே தள்ளினாள். தட்டு வெளியே வந்தபோது ஏழு வரிசை பளிச்சென்று இருந்தது. ஆறாவதில் நீலம் அப்படியே தேங்கியிருந்தது. குழாயின் மூக்கில் உப்புப் படிந்து அடைத்திருக்கிறது. கழுவாமல் விட்ட சோதனை மருந்தின் மிச்சம்தான் நிறம் மாறி, சி இருப்பதாகக் காட்டியிருக்கிறது. சரிபார்ப்பதற்காக வைத்த குழிகள் மேல் வரிசைகளில் இருந்ததால் மெஷின் தன்னைத்தானே பாஸ் பண்ணிக்கொண்டிருந்தது.

தட்டைக் கையில் ஏந்தியபடியே மருத்துவர் அறைக்கு ஓடினாள். அவர் கூட்டத்துக்கான பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"உங்க அண்ணிங்கறதால இதத் தேடுனீங்களா?"

"அவங்களுக்காகத்தான் தேட ஆரம்பிச்சேன் சார். அவங்க யாரோவா இருந்தாலும் இந்த மை இப்படித்தான் நின்னிருக்கும்."

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குள் நாற்பத்தாறையும் மறுபடி சோதிக்க முடியுமா என்று கேட்டார். அவள் அப்போதே லேப்புக்குத் திரும்பினாள்.

மெல்லிய கம்பியால் அடைப்பை எடுத்தாள். மறுபடி மை ஊற்றிப் பார்த்து, எட்டு வரிசையும் காலியான பிறகே ரத்தத்தைத் தொட்டாள். சோறு தண்ணியை மறந்தாள். மருத்துவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, ரத்தக் குப்பிகளை எண் பார்த்து எடுத்துக் கொடுத்தார். மூன்றே முக்காலுக்குக் கடைசித் தட்டு வந்தது.

ஆறு பேர். மற்ற வரிசைகளில் இருந்த ஐந்தும் மாறவில்லை. ஆறாவது வரிசையில் நாற்பது பேர் தப்பிவிட்டார்கள்; ஒருவருக்கு மட்டும் நிஜமாகவே இருந்தது. ஒருவருமே இருக்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாற்பது கடிதத்தைக் கிழித்துப் போடும்போது குழந்தை மாதிரி சிரித்தாள்.

கூட்டத்தில் மருத்துவர் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை என்றார். எப்படி ஏமாற இருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லி, அண்ணிக்கு அனுப்பிய தாளை எல்லோர் முன்னிலையிலும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அண்ணி அழவில்லை. ஆறு பேர் விலாசத்தை மட்டும் கேட்டாள்.

"நாளைக்குப் போலாமே அண்ணி."

"சி கிருமிக்கு மட்டும் யாராவது மாத்திரை குடுத்துட்டா பி தல தூக்கிரும். ரெண்டும் இருக்குன்னு அவங்களுக்கு இன்னிக்கே தெரியணும். வர்றியா, நான் மட்டும் போகட்டுமா?"

முதல் வீடு ஒரு பெயின்டருடையது. ரெண்டுமா என்று கேட்டுவிட்டு அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கிருமி மூன்று மாத மாத்திரையில் போய்விடும், மற்றதை மாத்திரையால் அடக்கி வைக்கலாம், கூடவே நாங்கள் இருப்போம் என்று நிதானமாகச் சொன்னாள். அவர் கேட்டதையே நாலு தரம் கேட்டார். அவளும் அலுக்காமல் நாலு தரம் சொன்னாள். கடைசியில் அவர் எழுந்து, மனைவியையும் மகளையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்டார்.

"இப்பவே எடுத்துரலாம், கூப்பிடுங்க," என்று அண்ணி பையைத் திறந்து, பிரிக்காத புது ஊசியை எடுத்தாள்.