ஹார்லன் நடித்த பேய்வீட்டுப் படம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், நூலகத்தின் கீழ்த்தளத்தில் அந்தப் பழைய பேய்வீட்டுப் படத்தைப் போட்டார்கள். சும்மா கூப்பிட்டிருந்தால் வெர்னா போயிருக்கவே மாட்டாள். தங்கை புருஷன் ஹார்லன் எவ்வளவு மட்டமாக நடித்திருக்கிறான் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதற்காகத்தான் போனாள்.

கெண்டக்கியின் அந்தச் சிற்றூரில் ஹார்லன் டாக்கெட்டின் சினிமாக் கதையைக் கேட்காத காது கிடையாது. இளவயதில் நாஷ்வில் போனானாம், ஒரு பேய்வீட்டுப் படத்தில் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு கித்தார் மீட்டிப் பாடினானாம். முடிவெட்டும் கடையில் சொல்வான், சவ அடக்கத்திலும் சொல்வான். அதில் மயங்கித்தான் தங்கை லொரெட்டா அவனைக் கட்டிக்கொண்டாள் என்பது வெர்னாவின் தீர்மானம்.

படத்தில் ஒரு பாட்டுக் கோஷ்டியின் கார் மழையில் நின்றுபோனது. எதிரே பாழடைந்த வீடு. உள்ளே போனதும் எலும்புக்கூடு ஒன்று தொங்கி ஆடியது. அதைக் கட்டிய கயிறும் பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் அலறினார்கள். அலறிய வாயை மூடுவதற்குள் ஒருத்தி காதல் பாட்டு ஆரம்பித்துவிட்டாள்.

"பேய் வீட்டுல எவளாவது பாடுவாளா? இவ குரலுக்குப் பேயே வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிடும்," என்றாள் வெர்னா, முன்வரிசை வரை கேட்கும்படி.

"வாய மூடிட்டு சோளப்பொரியத் தின்னு," என்றாள் லொரெட்டா.

பாட்டுமேல் பாட்டாக வந்தது. வெள்ளைத் தொப்பிக்காரர்களும் வந்தார்கள். ஒருவனுக்கும் ஹார்லன் முகம் இல்லை. பிறகு நிலவறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கொரில்லா வந்தது. அந்த வீட்டுக்குள் கொரில்லா எப்படி வந்தது என்று படம் எடுத்தவனே யோசித்திருக்க மாட்டான். அது இடது முழங்கால் வெளியே வளைய, குதிகாலை இழுத்து இழுத்து நடந்தது. ஒவ்வொரு நன்றி தெரிவிக்கும் நாள் விருந்திலும் கடைசித் துண்டு பூசணி அப்பத்தை எடுக்க ஹார்லன் அடுப்படிக்குப் போகிற அதே நடை!

வெர்னா திரும்பினாள். ஹார்லனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

"வெர்னா, சொல்லிடாத," என்று முணுமுணுத்தான்.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "எல்லாரும் நல்லாப் பாருங்க! நம்ம பாட்டுக்காரர் வந்துட்டாரு. அந்தக் குரங்கு ஹார்லன்தான்!"

லொரெட்டா திரையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"நீயா அது?"

"பாட வெச்சுப் பாத்தாங்க, வேணாம்னுட்டாங்க. குரங்கு வேஷக்காரனுக்குக் காய்ச்சல். அந்த உடுப்பு எனக்குச் சரியா இருந்துச்சு."

"அப்போ இத்தன வருஷமும் பொய்யா?"

"ஆமா."

வெர்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. திரையில் கொரில்லா கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு படியேறியது. திரும்புகிற வேகத்தில் அவள் தலை கைப்பிடிச் சுவரில் மடாரென்று மோதியது. அவள் போட்ட கூச்சல் நடிப்பே அல்ல.

லொரெட்டா குபீரென்று சிரித்துவிட்டாள். "கல்யாணத்தன்னிக்கு என்னத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள வந்தப்பவும் இப்படித்தான் மண்டைய நிலையில இடிச்சான், பாவி!"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. படம் முடிந்ததும் எல்லோரும் ஹார்லனைச் சூழ்ந்துகொண்டு உறுமச் சொன்னார்கள். உறுமினான். அவன் பாட்டைவிட அது எவ்வளவோ தேவலை என்பதை வெர்னாவே மறுக்க முடியாது. அவளோடு காரில் வந்த தங்கை, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நூலகக்காரி கேட்டாள்: "படம் எப்படி இருந்துச்சு?"

"படு குப்பை."

"அடுத்த மாசம் மறுபடியும் போடறோம். எல்லாரும் கேக்கறாங்க."

"போட்டுத் தொலைங்க," என்று பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள் வெர்னா. "அவன மட்டும் பாட விட்டுடாதீங்க."