பழைய அளவில் ஒரு மழைக்கோட்டு

டெய்லருக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது. பதினோரு வருஷமாக வராத புத்தி. பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள், மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த அவளுடைய சைக்கிளை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"அடுத்த மாசம் நீ கிளம்பற," என்றார்.

எங்கே? கடலுக்கு. எண்ணூறு கிலோமீட்டர், தன்னந்தனியாக, சைக்கிளில். அது அவளுடைய வெகுநாள் ஆசை. ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் இவர், "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார். பயம்தான், வேறென்ன? லாரி இடிக்கும், நாய் துரத்தும், நாலு பேர் சிரிப்பார்கள். இப்போது டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே மருந்து கேக்காது, வீட்டுல வெச்சு நல்லாப் பாத்துக்குங்க" என்று கையை விரித்த பிறகு மனுஷனுக்கு வேகம் பிடித்துவிட்டது. சைக்கிள் தேறிவிட்டால் அவளும் தேறிவிடுவாளாம். இப்படியும் ஒரு நினைப்பு உண்டா? அவருக்கு இருந்தது.

அவள் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள்.

"இடது பெடல் அப்படிக் கழலாது. அந்தப் பக்கம் மரை தலைகீழ். நீங்க திருகத் திருக இறுகத்தான் செய்யும்."

"ஒரே சைக்கிள்ல எவனாவது ரெண்டு விதமா வெப்பானா?"

"வெச்சிருக்கானே! ஊசியத் தவிர நீங்க எதத் தொட்டாலும் வம்புதான் டெய்லரே."

புதுச் சாமான் வாங்க வழியில்லை. கிழிந்த டயர் ஒன்றின் ஓரங்களை அறுத்துவிட்டு, நடுப்பட்டையை நல்ல டயருக்குள் செருகினார். முள் குத்தினாலும் டியூப் தப்பிக்கும் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். மூடி போட்ட காலி பெயின்ட் வாளிகள் இரண்டைக் கேரியரின் இருபக்கமும் கட்டினார். துணிமணிக்கு ஒன்று, சமையல் சாமானுக்கு ஒன்று. பழைய விளம்பரத் துணியில் கூடாரம் தைத்தார். அதில் பாதி முகத்தோடு ஒரு சோப்புக்காரி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். "இவள தலமாட்டுல வெச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்கறது?" என்று பெண்டாட்டி இருமல் வரும்வரை சிரித்தாள். சிரிக்கிறாளே, அப்புறம் என்ன என்று நினைத்துக்கொண்டார் டெய்லர்.

போகிற வழியில் மழை பிடித்தால்? கடையில் மழைக்கோட்டுத் துணி மிச்சம் இருந்தது. இருபது வருஷமாக வருகிற வாடிக்கைக்காரரே ஆனாலும் டேப் வைக்காமல் கத்தரி வைக்காத மனுஷன் அவர். ஆனால் வீட்டு ஆளுக்கு எந்த டெய்லர் அளவெடுக்கிறான்? மார்பு முப்பத்தாறு, தோள் பதினாலரை, கை இருபத்திரண்டு. எப்போதோ எடுத்தது, தலைகீழாகச் சொல்வார். ஒரே மூச்சில் வெட்டித் தைத்துக் கொண்டுவந்தார்.

அவள் எழுந்து நின்று போட்டுக்கொண்டாள். தோள் தையல் முழங்கைக்குப் போய்விட்டது. கையைக் காணோம். கழுத்துக்குள் இரண்டு கழுத்து போகும்.

"துணி கொஞ்சம் இழுபட்டு விட்டுக்கொடுத்திருச்சு போல," என்றார் டெய்லர்.

மழைக்கோட்டுத் துணி என்றைக்கு விட்டுக்கொடுத்தது? அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"டேப்ப எடுங்க."

"எதுக்கு? ஓரத்துல ரெண்டு பிடி பிடிச்சா சரியாயிடும்."

"எடுங்கன்னா எடுங்க."

கோட்டைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் இடறியது.

"எவ்வளவு?"

"முப்பத்தஞ்சு."

அவள் குனிந்து தானே படித்தாள். "இருபத்தொம்பது. ஏங்க பொய் சொல்றீங்க? டாக்டர் உங்ககிட்ட சொன்னத நான் அன்னைக்கே நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன்."

டெய்லர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போலாம்மா. நானும் கூட வரேன். ஒரு நாளைக்கு நாலு கிலோமீட்டர், மெதுவா..."

"வாசல் வரைக்கும் நடக்க முடியல. எந்தக் கடலுக்குப் போறது?" அவள் குரலை உயர்த்தவில்லை. "பத்து வருஷம் முன்னாடி இந்தப் பெடலக் கழட்டியிருந்தீங்கன்னா போயிருப்பேன். நெனச்சாலே ஆத்திரம் வருது. நான் போயிருப்பேங்க. திரும்பியும் வந்திருப்பேன்."

"தப்புப் பண்ணிட்டேன்."

"ஆமா. பண்ணிட்டீங்க."

பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"பிரிச்சுத் தைங்க. எத்தன வருஷம் கழிச்சு அளவெடுத்திருக்கீங்க! எனக்கு அளவா ஒண்ணு போட்டுப் பாக்கணும்."

அவர் மெஷினில் உட்கார்ந்து தையலைப் பிரித்தார். தோளில் வெட்டினார், பக்கங்களில் வெட்டினார், கையில் வெட்டினார். வெட்டி எடுத்த துணி மடியில் சேர்ந்தது. தொழில்காரர் கண் சும்மா இருக்குமா? சேர்த்துப் பார்த்தது. மூன்று வயசுக் குழந்தைக்கு ஒரு கோட்டே தைக்கலாம். அவ்வளவு குறைந்திருந்தாள்.