அம்மாக்கண்ணு வாங்கிய கத்தி

அந்த வருஷம் பங்குனியில் அம்மாக்கண்ணுவுக்குக் கத்தி வாங்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. காரணம் இருந்தது. ஒடுகத்தூர்ச் சந்தையில் புளியை விற்றுவிட்டு ஜவ்வாது மலையேறும் பெண்களை, மூங்கில் வளைவில் எவனோ முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு மறித்தான். ஒருத்தியிடம் கருவாட்டைப் பிடுங்கினான், இன்னொருத்தியிடம் புதுப் புடவையை.

"தொணைக்கு நான் வர்றேன்" என்றான் அவள் புருஷன் கோபால். போன தடவை துணைக்கு வந்தவன் சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோய், அவனைத் தேடுவதற்கு அவளுக்கு இன்னொரு துணை வேண்டியிருந்தது.

ஆகவே ஓரகத்தி பெரியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஒடுகத்தூரில் சேட்டுவின் இரும்புக் கடைக்குப் போனாள். சேட்டு இரண்டு கத்திகளை எடுத்துப் பலகைமேல் வைத்தார். ஒன்று சிவப்புக் கைப்பிடி போட்ட மடக்குக் கத்தி. மற்றது தோல் உறைக்குள் இருந்த, மடங்காத ஒரு சாண் கத்தி.

"மடக்குக் கத்திய மடியில சொருவிக்கினா எவனுக்கும் தெரியாதும்மா. ஒறக் கத்தி அப்படியா? குந்தினா விலாவுல குத்தும். பஸ்ஸுல போலீஸ்காரன் பாத்தா இன்னா ஏதுன்னு கேப்பான்."

பெரியம்மாள் ஒப்பவில்லை. "ஒறக் கத்தின்னா உருவினா முடிஞ்சிது. இத மொதல்ல எடுக்கணும், அப்பால தொறக்கணும். அதுவரைக்கும் திருடன் வெத்தல போட்டுக்கினு குந்தியிருப்பானா?"

"ஒரு நொடியில தொறந்திடலாம். பாக்கறியா?"

"பாக்கறேன். நான்தான் திருடன், வர்றேன்."

சேட்டு மடக்குக் கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதை வெளியே எடுத்து, நகத்தை வைக்கும் இடம் தேடுவதற்குள் அவர் தோளில் இருந்த துண்டு பெரியம்மாள் கைக்குப் போய்விட்டது.

"இரும்மா, நான் ரெடின்னு சொல்லவே இல்லியே!"

"திருடன் ரெடியான்னு கேட்டுக்கினா வருவான்?"

கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் தடவை அவருடைய மூக்குக் கண்ணாடி போயிற்று. இத்தனைக்கும் பிறகு அம்மாக்கண்ணு மடக்குக் கத்தியைத்தான் எடுத்தாள். சிவப்புக் கைப்பிடி அழகாக இருந்தது ஒரு காரணம். ஓரகத்தி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் ஆட்டவேண்டும் என்பது இன்னொன்று.

மத்தியானம் சந்தைச் சாமான் மூட்டைகளோடு மலையேறும்போது பசித்தது. புதுக் கத்தியால் வெல்லத்தை நறுக்கி இருவரும் தின்றார்கள். அம்மாக்கண்ணு கத்தியைத் துடைக்காமல் மடக்கி மடியில் செருகிக்கொண்டாள்.

மூங்கில் வளைவில் அவன் தடியோடு வந்து நின்றான். துண்டுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

"மூட்டைய கீழ வை!"

அம்மாக்கண்ணு சரக்கென்று கத்தியை எடுத்தாள். நகத்தை வைத்து இழுத்தாள். வெல்லம் இறுகிப் பிடித்திருந்தது. மறுபடி இழுத்தாள், நகம் உடைந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் பின்னாலிருந்து பெரியம்மாள்.

"சும்மா இரு அக்கா!"

திருடன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். "இன்னா பண்ற நீ?"

"தொறக்க மாட்டேங்குது" என்றாள், அழாத குறையாக.

"அங்க நகத்த வச்சா எப்படித் தொறக்கும்? இப்படிக் குடு."

நீட்டிவிட்டாள். ஏன் நீட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனும் தடியைக் கீழே போட்டு, துண்டை இறக்கி, பல்லால் கடித்து இழுத்துக் கத்தியைத் திறந்தான். ஒட்டியிருந்த வெல்லத்தை வேட்டியில் துடைத்தான். பிறகு வீட்டில் பெண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பழக்கத்தில், கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுத்தான்.

அவள் வாங்கிக்கொண்டாள். முதலில் தெளிந்தவள் பெரியம்மாள். குனிந்து தடியை எடுத்துக்கொண்டாள்.

"அடப்பாவி, ஜீப்பு ஓட்டற சிங்காரமாடா நீ?"

சிங்காரத்துக்கு முகம் வெளுத்தது. "ஜீப்புல யாரும் ஏற மாட்டேங்கறாங்கக்கா. நடக்கறவங்கள பயமுறுத்தினா ஏறுவாங்கன்னு..."

"கருவாடு?"

"அது... பசிச்சிதுக்கா."

இரண்டு மூட்டைகளும் அவன் தலைக்கு ஏறின. அம்மாக்கண்ணு கத்தியைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "இந்தக் கத்தி ஆவாதுக்கா. நீங்க ஒறக் கத்தி வாங்கியிருக்கணும். இடுப்புல அத்தப் பாத்திருந்தா நான் புதர விட்டே வெளிய வந்திருக்க மாட்டேன்."

"கேட்டியா?" என்றாள் பெரியம்மாள்.

திருடனும் ஓரகத்தியும் ஒரே கட்சியில் சேர்ந்துகொண்டால் அவள்தான் என்ன செய்வாள்? அடுத்த சந்தைக்குத் தனியாகப் போய்ச் சேட்டுவிடம் கத்தியை மாற்றிக் கேட்டாள்.

"ஏம்மா, தொறக்கலையா?"

"தொறந்துச்சு" என்றாள் அம்மாக்கண்ணு. "நல்ல மனுஷனா ஒருத்தன் வந்ததால."