நல்ல நேரத்தில் இறக்கிய செயலி

அமுதவள்ளி மூன்று மாதமாகக் காத்திருந்த மின்னஞ்சல் ஒரு திங்கட்கிழமை காலையில், ராகு காலம் தொடங்கிய கையோடு வந்து சேர்ந்தது. வருகிற நேரத்தைப் பார்த்து வரக் கூடாதா என்று அவள் போனைத்தான் திட்டினாள்.

பிரிக்பீல்ட்ஸில் கல்யாணத் தரகு பார்க்கிறவர்களில் அமுதவள்ளிக்கு நல்ல பெயர். கணவர் போன பிறகு இந்தத் தொழில்தான் வீட்டை நடத்தியது. முன்பெல்லாம் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டுவாள்; இப்போது போனில் ஒரு ஜாதகப் பொருத்தச் செயலி வைத்திருக்கிறாள். அதைச் செய்கிற நிறுவனம் புதிய பதிப்பு ஒன்றை ஊருக்கு வெளியிடுவதற்கு முன், சிலரிடம் மட்டும் கொடுத்துச் சோதிக்கப் போவதாக அறிவித்திருந்தது. பழுப்பேறிய ஜாதகத்தைப் படம் பிடித்துக் காட்டினால் தானே படித்துக்கொள்ளுமாம். செவ்வாய் தோஷத்தை இன்னும் நுணுக்கமாக அலசுமாம். கேட்டவுடனேயே பெயர் கொடுத்துவிட்டாள்.

அந்தச் செவ்வாய்தான் காரணம். ஊராருக்கெல்லாம் வரன் தேடிக் கொடுத்தவளின் ஒரே மகள் விஷ்ணுப்ரியா முப்பத்து மூன்று வயதிலும் கல்யாணம் ஆகாமல் இருக்கிறாள். செவ்வாய் ஏழாம் இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. பழைய செயலியில் எந்தப் பையனின் ஜாதகத்தைப் போட்டாலும் சிவப்பாகத்தான் வரும். "ஒங்க பொண்ணுக்கு எப்பக்கா?" என்று கேட்காத தாய்மார் இல்லை. ஒவ்வொரு முறையும் சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து சுவாமி படத்தோடு சண்டை போடுவாள். புதிய பதிப்பாவது ஒரு பச்சை காட்டாதா என்பதுதான் அவளுடைய ஆசை.

மின்னஞ்சலில் இணைப்பு இருந்தது. அதை அமுக்கினால் செயலிக் கடைக்குப் போகும், அங்கே சோதனையில் சேர்ந்துகொள்ளலாம், இடங்கள் குறைவு என்று எழுதியிருந்தார்கள். குறைவாக இருந்தால் இருக்கட்டும்; மகள் வாழ்க்கைக்காக இறக்குகிற ஒன்றை ராகு காலத்திலா இறக்குவார்கள்? போனைக் கவிழ்த்து வைத்தாள். காப்பி கலக்கினாள், துணி காயப்போட்டாள், ஒன்பது மணி தாண்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு இணைப்பை அமுக்கினாள்.

சோதனையில் இடம் நிரம்பிவிட்டது என்று வந்தது.

தரகர்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போய்ப் பார்த்தால், கிள்ளான் தங்கமணி அதற்குள் பெருமையடித்திருந்தார்: 'நமக்குக் கிடைத்துவிட்டது. வேலை பிரமாதம்.' மனுஷன் ராகு காலத்திலேயே அமுக்கியிருக்கிறார். ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிற ஆள்! அமுதவள்ளிக்கு வயிறு எரிந்தது.

அதற்குக் கீழேயே பிள்ளையார் படம் வைத்த ஒரு புது எண், ஒரு பைலைப் போட்டிருந்தது. 'இடம் கிடைக்காதவர்களுக்கு. அதே டெஸ்ட் வெர்ஷன். நேரடி டவுன்லோட்.' யார் எவர் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளையார் படத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். எமகண்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இறக்கிவிட்டாள்.

தெரியாத இடத்திலிருந்து வருகிறது, ஆபத்தாகலாம் என்று போன் தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்தது. அனுமதி என்பதை அமுக்கினாள். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்றது, சரி. குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்றது, சரி. வாட்ஸ்அப் எண்ணை உறுதிசெய்ய வேண்டும், வந்திருக்கும் ஆறு இலக்கத்தைப் போடு என்றது, போட்டாள். எத்தனையோ சம்பந்தி வீட்டாருக்குத் தலையாட்டிப் பழகியவளுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? கடைசியில் ராசிக்கட்டம் ஒன்று தோன்றி, அதன் நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சோதனைப் பதிப்பு அல்லவா, முரண்டு பிடிக்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சமையலுக்குப் போனாள்.

மத்தியானம் முதல் அழைப்பு வந்தது. கிள்ளானிலிருந்து இராஜம்மா. மகனுக்குப் பெண் தேடித் தரச் சொல்லியிருப்பவள். வாய் திறந்தால் பாசார் சந்தை வரை கேட்கும்.

"அமுதா, வாழ்த்துகள்லா! ஒரு வார்த்த சொல்லாம பத்திரிகையே அனுப்பிட்டியே!"

"எந்தப் பத்திரிகை, அக்கா?"

"ஏய், நடிக்காத. ஒன் வீட்டுக் கல்யாணம்னு இப்பதான் வாட்ஸ்அப்ல வந்துச்சு. ஒன் நம்பர்லேருந்துதான். மலாய்ல போட்டிருக்க. விஷ்ணு ஆபீஸ் ஆளுங்களுக்கு அனுப்புறத எனக்குத் தள்ளிட்டியா?"

அமுதவள்ளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அதுல மாப்பிள பேரு என்னக்கா போட்டிருக்கு?"

"அதான் நானும் பாக்கறேன். தொறந்தா என்னென்னமோ கேக்குது. ஓகே ஓகேன்னு அமுக்கிட்டேன். சும்மா சுத்திக்கிட்டே இருக்கு, ஒண்ணும் வரல. சுசாலா இது, பெரிய தொல்ல. நீயே சொல்லு, பையன் யாரு?"

"அப்புறம் கூப்புடறேங்க்கா" என்று வைத்துவிட்டாள்.

வைத்த மறுநிமிடமே பூக்கடைக்காரி. மாலை தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்றாள். அடுத்து ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து சமையல்காரர் ஜீவன்: "அக்கா, நம்ம வீட்டுக் கல்யாணம், வெளி ஆளுக்குக் குடுத்துறாதீங்க." செராஸிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர், கண்ணீரே வந்துவிட்டது என்றார். இத்தனை நாளும் விஷ்ணுப்ரியாவைப் பற்றிப் பரிதாபப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே மத்தியானத்தில் சந்தோஷப்பட்டார்கள். யாருக்கும் மாப்பிள்ளை பெயர் தெரியவில்லை. அமுதவள்ளிக்கு மட்டும் தெரியுமா என்ன?

என்ன அனுப்பியிருக்கிறது என்று பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்தால், உங்கள் எண் வேறொரு போனில் பதிவாகியிருக்கிறது என்று வெளியே தள்ளியது. வேறு எந்தப் போனில்? தூக்கத்தில் எதையாவது அமுக்கிவிட்டோமா? யாராவது சூனியம் வைத்துவிட்டார்களா? தங்கமணி விளையாடுகிறாரா? ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுப் பார்த்தாள், எதுவும் நிற்கவில்லை. காலையில் இறக்கிய செயலி அவள் நினைவுக்கே வரவில்லை. அது நல்ல நேரத்தில் இறக்கியது.

கடைசியில் ஒரே ஒரு விஷயம்தான் பொருந்தியது. அவள் போனைத் திறக்கும் எண் தெரிந்த இன்னோர் ஆள் விஷ்ணுப்ரியா. போனை வாங்கி, எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தவளே அவள்தான். அப்படியானால் பெற்றவளுக்குத் தெரியாமல் கல்யாணத்தை முடிவு செய்து, பெற்றவள் போனிலிருந்தே பத்திரிகையும் அனுப்பிவிட்டாள்!

விஷ்ணுப்ரியா காஜாங்கில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அமுதவள்ளி அவளை அழைத்தாள். "விஷ்ணு, என்ன நடக்குது இங்க?" என்பதற்குள் மகளின் குரல் குறுக்கே வந்தது. அது அழுகிற குரல்.

"ம்மா, போன்ல வேணாம். நான் லீவு சொல்லிட்டேன். வரேன். நேர்ல பேசிக்குவோம்."

ஆக, உண்மைதான். அமுதவள்ளி நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். கொமுட்டர் ரயில் காஜாங்கிலிருந்து வந்து சேரும் வரைக்கும் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோபம் தலைக்கு ஏறியது. கேவலமாக இருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொள்கிற தாய், அதுவும் தரகு பார்க்கிற தாய்! இத்தனைக்கும் நடுவில் ஓர் ஆசை மெல்லத் தலைநீட்டியது: கல்யாணம் நிஜமாகவே இருந்துவிட்டால்? அந்த ஆசையை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

விஷ்ணுப்ரியா செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். தாய் வாயைத் திறப்பதற்குள் மகள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"நான் கேக்கணுமா? யாருடி யாரக் கேக்கணும்?"

"நானே இந்த மாசம் சொல்லணும்னுதான் இருந்தேன். யாரு சொன்னா ஒங்களுக்கு? பிரையன் அவங்க வீட்லயே இன்னும் பேசல. அதுக்குள்ள ஊருக்கே பத்திரிகை அனுப்பிட்டீங்க! கிளினிக் நம்பருக்கும் வந்திருக்கு, எல்லாரும் கேக்கறாங்க, நான் என்ன சொல்றது?"

அமுதவள்ளி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிரையனா? எந்த பிரையன்?"

விஷ்ணுப்ரியாவின் முகம் வெளுத்துப் போயிற்று. "ஒங்களுக்குத் தெரியாதா?"

"நீ இப்ப சொல்லித்தான் தெரியும்."

"அப்ப பத்திரிகை?"

"நீ அனுப்பலையா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு விஷ்ணுப்ரியா கையை நீட்டினாள். அமுதவள்ளி போனைக் கொடுத்தாள். அது அடுப்பில் வைத்து எடுத்ததைப் போலச் சுட்டது.

மகள் எதையெதையோ தள்ளிப் பார்த்தாள். ராசிக்கட்டத்தின் நடுவில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. "இது என்னம்மா? எங்கேருந்து எறக்குனீங்க?"

"புது வெர்ஷன். டெஸ்ட்டு. கம்பெனிக்காரன் மெயில் அனுப்புனான், நான் போறதுக்குள்ள எடம் முடிஞ்சிருச்சு. குரூப்புல ஒருத்தர் போட்டிருந்தாரு, அதே வெர்ஷன்னு."

"யாரு அந்த ஒருத்தர்?"

"பிள்ளையார் படம் போட்டிருந்துச்சு."

விஷ்ணுப்ரியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ம்மா! கம்பெனி குடுத்தா செயலிக் கடையிலேருந்துதான் வரும். வெளியிலேருந்து வர்ற பைல்ல உள்ள எவன் என்ன வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? ஒங்க வாட்ஸ்அப்பப் புடுங்கி, ஒங்க நம்பர்லேருந்து எல்லாருக்கும் கல்யாணப் பத்திரிகைன்னு அதே மாதிரி பைல அனுப்பிருக்கான். மத்தவங்க அனுப்புனாக்கூட நாலு பேரு யோசிப்பாங்க. கல்யாணத் தரகர் அனுப்புனா யாரு தொறக்க மாட்டாங்க?"

"ஆனா நல்ல நேரத்துலதானே எறக்குனேன்?" என்றாள் அமுதவள்ளி. குரல் சின்னப் பிள்ளை குரலாக இருந்தது. "ராகு காலம் முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன் விஷ்ணு. ஒனக்காகத்தான். அதுல பச்ச வருமான்னு பாக்க."

மகள் அம்மாவின் போனை அணைத்தாள். தன் போனிலிருந்து வங்கியை அழைத்து அம்மாவின் கணக்கை முடக்கச் சொன்னாள். தொலைபேசி நிறுவனத்தை அழைத்தாள். பிறகு வாட்ஸ்அப்பை மீட்பதற்கான வேலையைத் தொடங்கினாள். அமுதவள்ளி பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். அவளுக்கு இப்போது வேறொரு பயம் பிடித்திருந்தது. அந்தப் போனுக்குள் எத்தனை வீட்டுப் பெண்களின் ஜாதகம், படம், பிறந்த நாள், வீட்டு முகவரி! நம்பிக் கொடுத்தவர்கள். அதை எல்லாம் முகம் தெரியாத எவனோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதாள். மகள் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அம்மாவின் முதுகைத் தடவினாள்.

அழுகை அடங்கியதும் அமுதவள்ளி கேட்டாள். "யாருடி அந்தப் பையன்?"

"கிள்ளான். ரயில்வே குடும்பம். அம்மா பேரு மகதலேனா. பல்லு காட்ட வந்தாரு."

"பல்லப் பாத்து முடிவு பண்ணிட்டியா?"

விஷ்ணுப்ரியா சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கை உறிஞ்சினாள். "நல்லவரும்மா."

"ஜாதகம்?"

"அவங்க வீட்ல அதெல்லாம் எழுதுற பழக்கம் இல்ல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி பூசைக்கு சர்ச்சுல மணி அடிக்கும்போது பொறந்தாராம். அவங்க அம்மா சொல்வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி. அமுதவள்ளிக்குக் கணக்கே தேவைப்படவில்லை. நட்ட நடு ராகு காலம். சொல்ல வாயெடுத்தாள். மேசைமேல் அணைந்து கிடந்த போனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"மொதல்ல எல்லாருக்கும் சொல்லணும்மா, தொறக்காதீங்கன்னு" என்றாள் மகள். "ஏற்கெனவே தொறந்தவங்கள பேங்குக்கு போன் பண்ணச் சொல்லணும். நீங்களே பேசுங்க. ஒங்க கொரலக் கேட்டாத்தான் நம்புவாங்க."

முக்கியமான எண்கள் அமுதவள்ளிக்கு மனப்பாடம். மகளின் போனை வாங்கி முதலில் இராஜம்மாவை அழைத்தாள். விவரத்தைச் சொன்னாள், மன்னிப்புக் கேட்டாள், போனை அணைத்துவிட்டு மகன் போனிலிருந்து வங்கிக்குப் பேசச் சொன்னாள். இராஜம்மா கத்தித் தீர்த்தாள். அமுதவள்ளி ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டுக்கொண்டாள். மூச்சு வாங்கிய பிறகு இராஜம்மாவின் குரல் இறங்கியது.

"அப்ப கல்யாணம்னு வந்தது பொய்யா, அமுதா? நான் வேற ரொம்ப சந்தோசப்பட்டேன்லா."

விஷ்ணுப்ரியாவுக்கும் அது கேட்டது. அவள் தலையைக் குனிந்து, கழற்ற மறந்திருந்த செருப்பை இப்போதுதான் கழற்றத் தொடங்கினாள்.

அமுதவள்ளி மகளைப் பார்த்தாள். எதிர்ச்சுவரில் காலண்டர் தொங்கியது. அதில் இது என்ன நேரம் என்று பார்க்காமலே பேசினாள்.

"போன்ல வந்ததுதாங்க்கா பொய். இனிமே எது வந்தாலும் தொறக்காதீங்க. பத்திரிகைய நானும் விஷ்ணுவும் கிள்ளானுக்கே கொண்டு வந்து, ஒங்க கையில வெப்போம்."