நாங்கள் உங்களை நம்புகிறோம்

சட்டக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்தும் வெர்னா கோர்க்கத்துக்கு ஒரு சொல்லின் மேல் தீராத பகை இருந்தது. 'அடிப்படையற்றது' என்பதுதான் அந்தச் சொல். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் கொடுத்த பெண்களுக்குத் தென்கரைக் காவல்துறை அனுப்பிவந்த கடிதத்தில் அது இருந்தது. 'உங்கள் புகார் அடிப்படையற்றது, கோப்பு மூடப்பட்டது.' மொத்தமே ஒரு வரி. குப்பைத் தொட்டியைத் தப்பான நாளில் வெளியே வைத்தால் நகராட்சி அனுப்பும் கடிதம்கூட இதைவிட மரியாதையாக இருக்கும் என்று வகுப்பில் சொல்வாள்.

அப்படி மூடப்பட்ட எண்ணூறு கோப்புகளைப் பத்து வருடம் மெனக்கெட்டுப் படித்தாள். கட்டுரைகள் எழுதினாள், பார்த்தவர்களிடமெல்லாம் சண்டை போட்டாள். கடைசியில் காவல்துறை இறங்கிவந்து ஒரு குழு அமைத்தது. கடிதத்தை அவளையே மாற்றி எழுதச் சொன்னது. ஒரே நிபந்தனை, ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

எழுதினாள். 'நாங்கள் உங்களை நம்புகிறோம்' என்பது முதல் வரி. அந்த மூன்று சொற்களுக்காக மட்டும் ஏழு கூட்டம் நடந்தது. 'மூடப்பட்டது' என்றால் முகத்தில் கதவைச் சாத்துவது போல இருக்கிறதென்று அதை 'இப்போது செயல்பாட்டில் இல்லை' என்று மாற்றினாள். அவள் முதலில் எழுதியதில் முப்பது நாளுக்குள் மறு ஆய்வு கேட்கலாம் என்று சட்டப்பிரிவு எண்களோடு ஒரு பத்தி இருந்தது. நொந்துபோயிருக்கும் பெண்களை அது மிரட்டும் என்று குழுவிலிருந்த மனநல மருத்துவர் சொன்னார். சரி, அதை இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று வெர்னா விட்டுக்கொடுத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். இப்போது மூன்று மாகாணங்கள் அந்தக் கடிதத்தை அப்படியே கேட்டிருக்கின்றன, அடுத்த வாரம் அதற்கு ஒரு விருது வேறு.

நவம்பர் பதினாலாம் தேதி மதியம், அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ட்ரூடி பூடிலியே வெர்னாவின் கல்லூரி அறைக்கு வந்து நின்றாள். தென்கரையில் ஒரு மீன் கம்பெனியில் எடை போடுகிறவள். கல்லூரி இருக்கும் ஹாலிஃபாக்ஸுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள். கையில் காகிதக் கோப்பையில் காபி ஆறிப்போயிருந்தது.

"ரேடியோல உங்க பேச்சைக் கேட்டேன், ப்ரொபசரம்மா. இந்த மாதிரி கேஸெல்லாம் உங்களுக்கு அத்துப்படின்னாங்க. ஒரே ஒரு சந்தேகம், கேட்டுட்டு ஓடிடறேன்."

"உக்காருங்க முதல்ல. சொல்லுங்க."

"இதுல 'இப்போது செயல்பாட்டில் இல்லை'ன்னு போட்டிருக்கு. எப்ப செயல்பாட்டுக்கு வரும்? ஸ்டேஷனுக்குப் போன் பண்ணா நல்லா இனிக்க இனிக்கத்தான் பேசறாங்க, பதில் மட்டும் வர மாட்டேங்குது."

வெர்னாவின் கண் முதலில் போனது தேதிக்குத்தான். செப்டம்பர் ஒன்பது. அறுபத்தாறு நாள் ஆகியிருந்தது.

"இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க, ட்ரூடி?"

"இதுல புரிய என்ன இருக்கு? எங்க ஊர்ல ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் எந்தப் படகும் செயல்பாட்டுல இல்லதான். கரையேத்தி வெச்சிருப்பாங்க. சீசன் வந்தா தண்ணில இறங்கிடும். அதுக்காக உடைச்சுப் போட்டுட்டாங்கன்னா அர்த்தம்?" சிரித்தாள். "அதான் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். மாசக் கடைசித் திங்கக்கிழமை சிங்கி இறால் பிடிக்கிற கூண்டைக் கடல்ல இறக்குற நாள். பாதிரியார் வந்து ஒவ்வொரு படகையும் ஆசீர்வாதம் பண்ணுவாரு. நான் யார் மேல புகார் கொடுத்தேனோ, அவன் படகையும்தான். அப்புறம் ஆறு மாசம் அவன் பிடிச்சுட்டு வர்ற சிங்கி இறாலை நான் அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு எடை போடணும். அதுக்குள்ள ஏதாவது பண்ணுவாங்களா?"

ட்ரூடி உறையைத் தடவிக்கொடுத்தாள்.

"ஆனா ஒண்ணு, எழுதினவங்க யாரோ, நல்லா இருக்கணும். ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருந்தேன். காலையில வேலைக்குப் போறப்ப முதல் வரியை ஒரு தடவை படிச்சுட்டுத்தான் போவேன். எங்கம்மாவே நம்பலை என்னை."

எழுதியது தான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "ஒரு நிமிஷம்" என்று எழுந்து நடைக்கூடத்துக்குப் போய், அந்தக் குழுவில் கூடவே இருந்த சார்ஜென்ட் ரேஃபூஸைப் போனில் பிடித்தாள்.

"முப்பது நாள் தாண்டிருச்சே வெர்னா," என்றார் அவர், ட்ரூடியின் கோப்பைப் பார்த்துவிட்டு.

"அப்படி ஒரு கெடு இருக்குன்னே அந்தப் பொண்ணுக்குத் தெரியாது."

"இணையதளத்துல இருக்கே."

"ஆஸ்பத்திரியில எடுத்த தடயமெல்லாம்?"

"கெடு முடிஞ்சா அழிச்சிடுவாங்க. அக்டோபர்லயே அழிச்சாச்சு. அதுவும் விதிதான்."

"இப்படி எத்தனை பேர் கோட்டை விட்டிருக்காங்க?"

"கோட்டை விடறதா? என்ன இப்படிக் கேக்கறீங்க! பழைய கடுதாசியைப் பாத்துட்டு நூத்துக்கு நாப்பது பேர் வக்கீலோட சண்டைக்கு வந்து நிப்பாங்க. மறு ஆய்வு பண்ணிப் பண்ணியே எங்களுக்கு முதுகு ஒடிஞ்சிரும். இப்ப வருஷத்துக்கு ரெண்டு மூணு வந்தா அதிகம். சில பேர் நன்றின்னு கார்டு போடறாங்க, தெரியுமா? புண்ணியவதி நீங்க. விருது விழாவுல இதைத்தான் நான் பேசப்போறேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். கிண்டலாக இருந்திருந்தால் வெர்னா தாங்கியிருப்பாள். எண்ணூறு பெண்களுக்கு அந்தக் கேடுகெட்ட ஒற்றைச் சொல் கோபத்தையாவது கொடுத்தது. அந்தக் கோபத்தையும் பிடுங்கிக்கொண்டு தான் கொடுத்தது என்ன என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னாள். கோப்பு மூடிவிட்டது, கெடு போய்விட்டது, தடயமும் இல்லை.

"அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான், ட்ரூடி."

"நம்புகிறோம்னு போட்டதும் நீங்கதானா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாமலேயே?"

வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எல்லாருக்கும் இதே கடுதாசிதான் போகுதா?"

"பேரும் தேதியும் மட்டும் மாறும்."

ட்ரூடி கடிதத்தை உறையிலிருந்து வெளியே எடுத்தாள். முதல் முறையாகப் பார்ப்பவள் மாதிரி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கையெழுத்துக்குக் கீழே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாகக் கிடந்தது. படிப்பவர்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று குழு யோசித்து விட்டுவைத்த இடம் அது. மீன் உப்பில் வெடித்துப்போன விரலை அதன் மேல் வைத்தாள்.

"முப்பது நாள்னு எழுத இவ்வளவு இடம் சும்மா கிடந்திருக்கே, ப்ரொபசரம்மா."

கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஆறின காபியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். கடிதத்தை மட்டும் மேஜையிலேயே விட்டாள். வெர்னா அதை எடுத்து நீட்டியபோது வாசல்வரை போய்விட்டவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கெதுக்கு? நீங்களே வெச்சுக்கிட்டு நம்பிக்கிட்டு இருங்க. எனக்கு நாலு மணிக்கு பஸ்."