ஆளில்லாத் தீவில் நெரிசல்

கண்டக்டரிடம் அவர் மனைவிக்கு ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது. வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வருகிறேன் அல்லது வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டிலோ மாமியார், கொழுந்தன்மார், ஓரகத்திகள், அவர்கள் பெற்றெடுத்த வானரங்கள். "ஏங்க, ஒரு நிமிஷம்" என்று அவள் வாயைத் திறந்தால் போதும், தம்பி மகளுக்குச் செருப்பு அறுந்துபோனது மனிதருக்கு நினைவு வந்துவிடும். விலாங்கு மீன் அவரிடம் பாடம் படிக்கலாம்.

'ஆளில்லாத் தீவில் ஒரு நாள் சாகசம்' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் அவள் யோசிக்கவே இல்லை, இருவருக்கும் பதிவு செய்துவிட்டாள். சுற்றிலும் கடல். எங்கே நழுவுவார்?

படகுக்காரர் இருவரையும் மணலில் இறக்கிவிட்டு ஒரு கத்தியையும் கயிற்றையும் நீட்டினார். "குடிசை நீங்களே கட்டிக்கணும், மீன் நீங்களே பிடிச்சுக்கணும். சாயங்காலம் வர்றேன். இங்க ஒரு ஈ காக்கா கிடையாது."

"அந்தத் தென்னை மரத்தடியில ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்களே?" என்றார் கண்டக்டர்.

"எங்க?"

"அதோ, நீலச் சட்டை."

படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "சார், அவங்களும் ஆளில்லாத் தீவுன்னுதான் வந்திருக்காங்க. நீங்க பார்த்தீங்கன்னா அவங்க சாகசம் கெட்டுப்போயிடும். எவ்வளவு மரியாதையா அவங்க உங்களப் பார்க்காம இருக்காங்க, பாருங்க!"

உண்மைதான். நீலச் சட்டைக்காரர் கண்டக்டரின் தொந்தியை ஊடுருவி அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறுவதற்குள் படகு பல தடவை வந்துபோனது. மரத்துக்கு ஒரு ஜோடி, பிறகு மரத்துக்கு இரண்டு. எல்லோரும் கடலைப் பார்த்துக் கைகளை ஆட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பருமனான ஒருவர் நர்ஸம்மாவின் நீட்டிய கால்களைத் தாண்டிப்போகும்போது, "காலையில இந்தக் கட்டை இங்க கிடக்கலையே" என்று தம் மனைவியிடம் ஆச்சரியப்பட்டார். நீலச் சட்டைக்காரர் வானத்தைப் பார்த்து, "கடவுளே, ஒரு கத்தி மட்டும் கிடைச்சா!" என்றார். கண்டக்டர் தம் கத்தியை அவர் காலடியில் போட்டார். "பார்த்தியா, அலை கொண்டாந்து போட்டிருக்கு!" என்று நீலச் சட்டைக்காரர் தம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அலை வெகு தூரத்தில் இருந்தது.

நர்ஸம்மா கணவரின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏங்க, ஒரு விஷயம்..."

கண்டக்டரின் பார்வை ஊற்றுப் பக்கம் போய்விட்டது. தீவிலேயே நல்ல தண்ணீர் அங்கே மட்டும்தான். யாருக்கும் முன்னால் யாரும் இல்லாததால் வரிசையும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து, தலையோடு தலை மோதி, "இந்தத் தீவுல பாறை ஜாஸ்தி" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்கள். கண்டக்டருக்குக் கை துறுதுறுத்தது. எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா. வரிசையில நிக்க வச்சுட்டு வந்துடறேன். மண்டை உடைஞ்சிடும்."

"யாரை?"

"அவங்கள..."

"எவங்கள? அங்க யாரு இருக்கா?" அவள் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "படகுக்காரர் சொன்னது காதுல விழலையா? இங்க உங்களுக்குன்னு இருக்கிறது நான் ஒருத்திதான். உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். பிரேக் பிடித்த பஸ் போல ஒரு தடவை குலுங்கி அடங்கினார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை, ஊர், திங்கட்கிழமை, அந்த வீட்டில் தனக்கு மூச்சு முட்டுவது. "நான் போறதா முடிவு பண்ணிட்டேன். நீங்களும் வந்தா எனக்குச் சந்தோஷம். வரலைன்னா, லீவு நாள்ல வந்து பாருங்க."

தீவு முழுவதும் கப்சிப். தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த கைகள் அந்தரத்தில் நின்றன.

"அம்மா கிட்ட ஒரு வார்த்தை..." என்று கண்டக்டர் இழுத்தார்.

"அட, போய்யா!" என்றது நீலச் சட்டை, கடலைப் பார்த்தபடி.

"யாரோ பேசின மாதிரி இருந்துதே?"

"காத்து" என்றாள் நர்ஸம்மா. "அம்மா கிட்ட அப்புறம் சொல்லுங்க. எனக்கு இப்ப உங்க பதில் வேணும்."

கண்டக்டர் உதவிக்கு ஆள் தேடிச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை பட்ட இடமெல்லாம் முகங்கள் சட்டுச் சட்டென்று கடல் பக்கம் திரும்பின. கல்யாணமான நாளாக இப்படி ஒரு தனிமையை மனிதர் கண்டதில்லை. மணலைக் கிளறினார்.

"அந்த ஊர்ல பஸ் டிப்போ இருக்கா?"

"இருக்கு. விசாரிச்சுட்டேன்."

"அப்ப மாற்றல் கேட்டு எழுதிப் போடறேன்."

பருமனானவர் படபடவென்று கைதட்டிவிட்டார். மறுகணம் உள்ளங்கையை உற்றுப் பார்த்து, "கொசு" என்றார். அதன்பிறகு தீவு முழுவதும் வெகு நேரம் கொசு அடித்தது.